எழுத்துகள் தெரிந்தும் சொல்லாகக் கூட்டிப் படிக்காத குழந்தை

கேள்வி: ஐந்து வயதாகும் என் மகள் எழுத்துகளைத் தனித்தனியே பிழையின்றிச் சொல்கிறாள், ஆனால் ‘மரம்’ என்ற சொல்லை ம, ர, ம் என்று படித்துவிட்டு, அருகிலுள்ள படத்தைப் பார்த்துச் ‘செடி’ என்கிறாள். எப்படிப் பழக்குவது?

மறுமொழி 1: முதலில் படத்தை மறைத்துவிடுங்கள். 247 எழுத்துகளும் மனப்பாடமாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ப, ம, ட, ர, ம் ஆகிய ஐந்தே எழுத்துகளைக் கொண்டு படம், மடம், மரம், ரம்பம் எனப் பல சொற்களை அமைக்கலாம். எழுத்துக்கு எழுத்து நிறுத்தாமல், ஓசையை இழுத்து அடுத்ததோடு சேர்த்து நீங்களே முதலில் படித்துக் காட்டுங்கள்.

மறுமொழி 2: என் மகன் தடுமாறியது கொம்பில்தான். ‘கேணி’ என்பதில் இரட்டைக்கொம்பு முன்னால் நின்றாலும் அதன் ஓசை ககரத்துக்குப் பின்னரே வருவதால், கண் போகும் வரிசையும் காது கேட்கும் வரிசையும் மாறிவிடுகின்றன. கொம்பை விரலால் மூடி ‘க’ என்று சொல்லவைத்து, விரலை எடுத்ததும் ‘கே’ என்று மாற்றச் சொன்னேன். ‘பகல்’, ‘தங்கம்’ ஆகியவற்றில் ககரத்தின் ஒலி வேறுபடுவதற்கு விளக்கம் சொல்லிக் குழப்பாதீர்கள் (எனக்கே அது பள்ளியில் பின்னாளில்தான் புரிந்தது). சரியாக ஒருமுறை ஒலித்துக் காட்டினால் போதும்.

கேள்வி கேட்டவர்: படத்தை மறைத்ததும் ‘ரம்பம்’ என்று தானே படித்துவிட்டு, அப்படியென்றால் என்னவென்று கேட்டாள்.