நேரில் பார்க்கவும் ஓட்டவும் விடுகிறார், விலையை மட்டும் பேசக் கூடாது என்கிறார்: இணைய விளம்பரத்தில் கண்ட பழைய கார் பற்றி உதவி தேவை

பொருநைக்கரையான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். அம்மாவை அடிக்கடி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால், பழைய கார் ஒன்றை வாங்க முடிவு செய்து இணைய விளம்பரங்களைப் பார்த்து வருகிறேன். தூத்துக்குடியில் 2017 ஆம் ஆண்டுப் பதிவுள்ள பெட்ரோல் வேகன்-ஆர் ஒன்று 2,60,000 ரூபாய்க்கு விற்பனைக்கு இருப்பதாக ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஒரே உரிமையாளர் என்றும் 41,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றும் குறிப்பிட்டிருந்தார்கள். இதே ஆண்டு வண்டிக்கு எங்கள் ஊர்த் தரகர்கள் மூன்றரை லட்சத்துக்குக் கீழே பேச்சே எடுப்பதில்லை.

விளம்பரத்தில் இருந்த எண்ணில் பேசினேன். எதிர்முனையில் இருந்தவர் மிகவும் பண்பாகப் பேசினார். தான் வேலை காரணமாக ஓசூரில் இருப்பதாகவும், வண்டி தூத்துக்குடியில் தன் மைத்துனர் வீட்டில் நிற்பதாகவும், எப்போது வேண்டுமானாலும் நேரில் சென்று பார்த்து ஓட்டியும் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஆர்.சி.யின் படத்தையும் உடனே அனுப்பினார். ஆனால் இரண்டு நிபந்தனைகள் வைக்கிறார். குடும்பத்தில் ஏற்கெனவே பணத் தகராறு இருப்பதால் மைத்துனரிடம் விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்பது முதல் நிபந்தனை. வண்டி பிடித்திருந்தால் அங்கிருந்தபடியே 50,000 ரூபாய் முன்பணத்தைத் தன்னுடைய யு.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது இரண்டாவது.

எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டுப் பார்த்ததில் மாடல், பதிவு ஆண்டு, எரிபொருள் எல்லாம் பொருந்துகின்றன. உரிமையாளர் பெயரில் சில எழுத்துகள் மறைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நிதி நிறுவனத்தின் பெயரும் அதில் வருகிறது. அதைக் கேட்டதற்கு, "கடன் எப்போதோ முடிந்துவிட்டது, பதிவில் நீக்கவில்லை" என்கிறார். முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடிவிடுபவர்கள் பெரும்பாலும் வண்டியைக் கண்ணில் காட்டுவதே இல்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் தாராளமாகக் காட்டுகிறார். நேரில் பார்க்க விடும் ஒருவர் ஏமாற்றுபவராக இருக்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

முத்துநகர்வாசி:

இருக்க முடியும் என்பதோடு, நீங்கள் சொல்லும் நிபந்தனைகளைப் பார்த்தால் இது ஏறக்குறைய உறுதியாக மோசடிதான் என்றே சொல்வேன். அவர் உங்களுக்குக் காட்டப்போவது இன்னொருவருடைய வண்டி.

இது எப்படி நடக்கிறது என்பதை விளக்குகிறேன். தூத்துக்குடியில் இருக்கும் உண்மையான உரிமையாளர், தன் வண்டியை நியாயமான விலைக்கு ஏதோ ஒரு தளத்தில் விளம்பரம் செய்திருப்பார். இடையில் புகும் ஆள் அந்தப் படங்களை அப்படியே எடுத்து, விலையை ஒரு லட்சம் குறைத்து, தன் தொலைபேசி எண்ணோடு வேறொரு விளம்பரம் போடுவார். பிறகு உரிமையாளரை அழைத்து, வண்டியைத் தானே வாங்கிக்கொள்வதாகவும், தன் சார்பில் ஒரு நண்பர் வந்து பார்ப்பார் என்றும், அந்த நண்பருக்கும் தனக்கும் கொடுக்கல் வாங்கல் இருப்பதால் அவரிடம் விலையைப் பேச வேண்டாம் என்றும் சொல்லிவைப்பார். ஆர்.சி. படத்தையும் அவரிடமிருந்தே வாங்கி உங்களுக்கு அனுப்பியிருப்பார். உங்களுக்குச் சொன்ன "மைத்துனர்" கதையின் மறுபாதி இதுதான். நீங்கள் போய் நிற்கும்போது வண்டி உண்மை, ஆர்.சி. உண்மை, அதைக் காட்டும் மனிதரும் நாணயமானவர். அந்த நம்பிக்கையில் நீங்கள் பணத்தை அனுப்புவீர்கள், அது மூன்றாவது ஆளின் கணக்குக்குப் போய்விடும். பணம் போன பிறகு, நீங்கள் வண்டியைக் கேட்க, உரிமையாளர் தனக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சொல்ல, ஒன்றும் அறியாத இருவர் ஒருவரையொருவர் திருடன் என்று நினைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் நிற்பீர்கள். என் அலுவலக நண்பர் ஒருவர் தன் வண்டியை விற்கப் போய் இப்படித்தான் நின்றார்.

இந்த ஏற்பாடு முழுவதும் நிற்பது ஒரே ஒரு மௌனத்தின் மேல்தான். ஆகவே வண்டியைப் பார்க்கப் போங்கள், போனதும் அங்கே இருப்பவரிடம் முதலில் விலையைக் கேளுங்கள். விளம்பரதாரர் யார், என்ன உறவு என்றும் கேளுங்கள். அதற்கு முன்பே அந்தப் பதிவெண்ணையும் வண்டியின் விவரங்களையும் பிற விளம்பரத் தளங்களில் தேடினால், அதே படங்கள் வேறு விலையிலும் வேறு எண்ணிலும் கிடைக்க வாய்ப்பு உண்டு.

கொங்குநாட்டான்:

முந்தைய பதிலோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மோசடியில், விற்பவர் தன்னை ராணுவத்திலோ விமான நிலையப் பாதுகாப்பிலோ பணிபுரிபவர் என்று சொல்லி, சீருடைப் படத்தையும் அடையாள அட்டையையும் அனுப்புவார். திடீரென்று இடமாற்றம் வந்துவிட்டதால் குறைந்த விலைக்குத் தருவதாகவும், வண்டியை அனுப்பிவைக்க முதலில் போக்குவரத்துக் கட்டணம் வேண்டும் என்றும் கேட்பார். அதைக் கட்டியதும் வரி, காப்புத்தொகை என்று அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். அந்த அட்டைகள் பெரும்பாலும் வேறு யாரிடமிருந்தோ திருடப்பட்டவை. சீருடைக்கு நாம் தரும் மரியாதையையே இவர்கள் முதலாக்குவது மனத்தை வருத்துகிறது.

யாராவது பணத்தை அனுப்பிவிட்டிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் தகவல் போனால்தான் அதை முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கிறது.

பொருநைக்கரையான்:

முத்துநகர்வாசி ஐயா அவர்களுக்கு மிகுந்த நன்றி. நீங்கள் சொன்னபடி தேடினேன். வேறொரு தளத்தில் அதே படங்கள், அதே கீறல் விழுந்த பின்பக்க பம்பருடன், 3,70,000 ரூபாய்க்குக் கிடைத்தன. அந்த எண்ணில் பேசியபோது எடுத்தவர்தான் உண்மையான உரிமையாளர், ஓய்வு பெற்ற ஆசிரியர். ஓசூரிலிருந்து ஒருவர் தன் வண்டியை முழு விலைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார் என்றும், அவருடைய நண்பர் என்று ஒருவர் பார்க்க வரப்போவதாகவும் அவர் சொன்னபோது எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. அந்த நண்பர் நான்தான்.

இருவரும் வெளிப்படையாகப் பேசிவிட்டோம். அவர் வண்டியை எனக்கே தரச் சம்மதிக்கிறார். கடன் முடியவில்லை, இன்னும் 68,000 ரூபாய் பாக்கி இருக்கிறது என்பதையும் அவரே சொல்லிவிட்டார். இனி நேர்வழியில் வாங்க வேண்டும். வண்டியில் எதைப் பார்ப்பது, கடனுள்ள வண்டிக்குப் பணத்தை எப்படிக் கொடுப்பது என்று சொல்லுங்கள்.

பழையபணிமனை:

தம்பி, தூத்துக்குடி வண்டி என்பதால் முதலில் வெள்ளத்தைப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகளில் எத்தனையோ வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. உங்கள் திருநெல்வேலியிலும் அதே கதைதான். அந்த வண்டிகள் கழுவித் துடைத்து இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஆசிரியர் நல்லவராகவே இருக்கலாம், அதற்காக வண்டியைப் பார்க்காமல் விடக் கூடாது.

முன்இருக்கை பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். வழக்கமாக உள்ளேயே சுருண்டிருக்கும் அந்தக் கடைசிப் பகுதியில் சேற்றுக் கறையோ, ஒரே மட்டத்தில் ஓடும் கோடோ தெரிந்தால் வண்டி முழுகியிருக்கிறது என்று பொருள். இருக்கை நகரும் தண்டவாளங்களில் துரு, ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தின் மூலைகளில் வண்டல், முன்விளக்குக் கண்ணாடியின் உட்பக்கத்தில் நீர்ப்படலம், கால்மிதிக்கு அடியில் உள்ள விரிப்பைத் தூக்கினால் வரும் ஊறல் வாடை ஆகிய இவற்றை மறைப்பது எளிதல்ல. காப்பீட்டு நிறுவனத்தில் அந்தப் பதிவெண்ணுக்கு இழப்பீடு வாங்கப்பட்டதா என்பதையும் உரிமையாளர் மூலமாகவே கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஓட்டம். மீட்டரில் 41,000 என்று காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம், அதைக் குறைப்பது இன்று சிறு வேலை. கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்து, ஸ்டியரிங்கின் மேல்பகுதி பளபளத்து, ஓட்டுநர் இருக்கையின் வெளிவிளிம்பு அமுங்கிப் போயிருந்தால் ஓட்டம் அதைவிட அதிகம். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3217 என்றால் 2017 ஆம் ஆண்டின் 32 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஓட்டம் இவ்வளவு குறைவு என்கிற வண்டியில் அந்த எண் எத்தனை முறை டயர் மாறியிருக்கும் என்பதை ஓரளவு சொல்லிவிடும். இவை எல்லாவற்றையும்விட உறுதியானது, நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பணிமனையில் உரிமையாளரை உடன் வைத்துக்கொண்டு சர்வீஸ் வரலாற்றைக் கேட்பது. ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோமீட்டரில் வண்டி உள்ளே வந்தது என்பது அதில் பதிவாகியிருக்கும்.

காலையில் நீங்கள் வரும்வரை என்ஜினைக் கிளப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள், போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த என்ஜினில்தான் புகையும் சத்தமும் உண்மையாகத் தெரியும். ஏர்பேக் உள்ள வண்டியானால் சாவியைத் திருப்பியதும் அதன் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் கோளாறை மறைக்க யாரோ அதைத் துண்டித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். கடைசியாக, வண்டியில் பொறிக்கப்பட்டிருக்கும் 17 எழுத்து, எண்களைக் கொண்ட சேசிஸ் எண்ணை ஆர்.சி.யில் இருப்பதோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் ராவிய தடமோ புதிய பெயின்ட்டோ இருந்தால், மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

ஆவணக்காப்பாளன்:

பணம், பதிவு பற்றி நான் சொல்கிறேன். கடனுள்ள வண்டியில் விற்பவர் நேர்மையானவராகவே இருந்தாலும், நிதி நிறுவனத்தின் பெயர் ஆர்.சி.யில் இருக்கும்வரை அதன் சம்மதமின்றிப் பெயர் மாற்ற முடியாது. ஆகவே இருவருமாக அந்தக் கிளைக்குச் செல்லுங்கள். அன்றைய தேதிக்குக் கடனை முடிக்க எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையை உரிமையாளர் கையில் கொடுக்காமல் நேரடியாக அந்தக் கடன் கணக்கிலேயே செலுத்துங்கள். நிறுவனம் தரும் தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து அதன் பெயரை நீக்குவதற்கான கையொப்பமிட்ட படிவம் 35 உம் வந்த பிறகு, மீதியை ஆர்.சி.யில் உள்ள அதே பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். கடைசித் தவணையாக ஒரு தொகையைப் பெயர் மாற்ற விண்ணப்பம் ஏற்கப்படும்வரை நிறுத்திவைப்பது நியாயம், அதை ஒப்பந்தத்திலும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 உம் 30 உம் தேவை. வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் மிகப் பரவலாக இருக்கிறது. அது இரு பக்கமும் ஆபத்தானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50 ஆவது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பல கைகள் மாறியும் பெயர் மாறாமல் இருந்த ஒரு காரின் விபத்து வழக்கில், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிரியருக்கும் இதைச் சொல்லுங்கள். பெயர் மாறுவது உங்களைவிட அவருக்கே அவசரம்.

அவர் தூத்துக்குடி, நீங்கள் திருநெல்வேலி என்பதால் எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிப்பது என்பதைப் பணம் கைமாறும் முன்பே கேட்டுவிடுங்கள். நிலுவையில் உள்ள அபராதங்களை இ-சலான் தளத்திலும், திருட்டு வண்டிப் பட்டியலில் இருக்கிறதா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகனத் தடையில்லாச் சான்று சேவையிலும் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் ஆர்.சி. இப்போது விரைவு அஞ்சலில்தான் வருகிறது, முகவரியையும் கைபேசி எண்ணையும் பிழையில்லாமல் கொடுங்கள்.

பொருநைக்கரையான்:

வண்டியைத் தெரிந்த மெக்கானிக் ஒருவருடன் சென்று பார்த்தேன். பெல்ட்டில் கறை இல்லை, சர்வீஸ் வரலாற்றிலும் ஓட்டம் பொருந்தி வருகிறது. முன் டயர்கள் இரண்டையும் மாற்ற வேண்டும் என்பதால் 3,58,000 ரூபாய்க்கு முடிவாகி, கடன் தொகையை நிதி நிறுவனத்தின் கிளையிலேயே செலுத்திவிட்டோம். ஓசூர்க்காரர் என்று சொன்னவரின் எண்ணையும் யு.பி.ஐ. எண்ணையும் நானும் ஆசிரியருமாக இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பதிந்திருக்கிறோம். காப்பீடு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அதை அப்படியே ஓட்டலாமா?

ஆவணக்காப்பாளன்:

ஓட்டக் கூடாது. மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு சட்டப்படி உங்களுக்கு மாறியதாகவே கருதப்படும். ஆனால் உங்கள் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான பகுதி தானாக மாறாது. 14 நாட்களுக்குள் விண்ணப்பித்துப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இழப்பீடு கோராததற்காக ஆசிரியருக்குக் கிடைத்த கழிவு அவருக்கு உரியது, வண்டியோடு வராது. அந்த வித்தியாசத்தை நீங்கள் செலுத்த வேண்டியிருக்கும். அம்மாவை ஏற்றிக்கொண்டு முதல் பயணம் போகும் முன் இதை முடித்துவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் ஆசிரியரின் கணக்கோடு இணைந்தது. அவர் அதை மூடிய பிறகு, உங்கள் பெயரில் புதியது வாங்கி ஒட்டிக்கொள்ளுங்கள்.