புதுப்பிப்பு: கைப்பிடி அசையாத ஃபிஃப்த் வீல்

டெக்சாஸ் முகாமில் ஃபிஃப்த் வீல் டிரெய்லரை (பிக்கப் லாரியின் பின்தட்டில் மாட்டி இழுக்கும் வண்டி) கழற்றும்போது, இரண்டையும் இணைக்கும் ஹிட்ச்சின் கைப்பிடி அசையவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஹிட்ச் மேல் தப்பில்லை. இடம் லேசான சரிவு. டிரெய்லர் பின்னால் இழுத்ததில் கிங்பின் (டிரெய்லரின் முன்பக்கம் கீழே நீட்டியிருக்கும் இரும்பு முளை) தன்னைப் பிடித்திருக்கும் ஹிட்ச் தாடைகளை இறுக்கிக்கொண்டிருந்தது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, டிரெய்லரின் முன்கால்களை இறக்கிப் பாரத்தை எடுத்து, பிக்கப்பை ஒரு விரல்கடை பின்னால் நகர்த்தினேன். கைப்பிடி சட்டென்று வந்துவிட்டது! (சுத்தியலைத் தேடியது வீண்.)

அப்புறம், மாட்டும்போது டார்ச் அடித்து, தாடை கிங்பின்னைச் சுற்றி மூடியதா என்று கண்ணால் பார்க்கிறேன். கிங்பின் உயரமாக இருந்தால் தாடைமேலேயே உட்கார்ந்து, மாட்டியதுபோல ஏமாற்றும். கட்டைகளை எடுக்குமுன் டிரெய்லர் பிரேக்கைப் பிடித்து மெதுவாக இழுத்தும் பார்க்கிறேன். டிரெய்லர் இடிக்காமல் இருக்க பிக்கப்பின் டெயில்கேட்டை (பின்கதவை) இறக்க மட்டும் இன்னும் மனைவிதான் கத்த வேண்டியிருக்கிறது.