நெபுதா மேளத்துக்காக அவோமோரி வரை போகலாமா?

நிஷிகசாய்வாசி:
ஆகஸ்ட் முதல் வாரம் நான்கு நாள் லீவு. கியோட்டோ, ஒசாகா பார்த்தாயிற்று, அந்த வெயிலில் மறுபடி அலைய மனசில்லை. ஜப்பானின் வடக்கே இருக்கும் அவோமோரி என்றால் ஆபீஸ் ஜப்பானியர்களே "ஆப்பிள் ஊர்தானே" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே நடக்கும் நெபுதா திருவிழாவுக்காக மட்டும் போகலாமா? மனைவி சுத்த சைவம்.

மேளப்பித்தன்:
தாராளமாகப் போங்கள். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் மூன்று மணி நேரம், கொஞ்சம் கூடக்குறைய. நெபுதா ஆகஸ்ட் 2 முதல் 7 வரை. உள்ளே விளக்கெரிய, ஐந்து மீட்டர் உயரக் காகிதப் போர்வீரன் தெருமுனையில் உங்கள் பக்கம் திரும்புவான், பின்னாலேயே தாய்கோ மேளம், புல்லாங்குழல், அப்புறம் தெபிரிகானே என்கிற கைத்தாளம். மேளம் நெஞ்சில் இடிக்கும், ஆனால் ஊர் திரும்பி ஒரு வாரம் ஆன பிறகும் என் காதில் நின்றது நம் ஜால்ரா போன்ற அந்தத் தாளம்தான்.

ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஹானெதோ என்கிற ஊர்வல ஆட்டக்காரர்களின் உடை வாடகைக்குக் கிடைக்கும், அதைப் போட்டுக்கொண்டால் யாரும் ஊர்வலத்தில் சேர்ந்து "ரஸ்ஸேரா" என்று கத்திக்கொண்டு குதிக்கலாம். குதிக்கும்போது உடையிலிருந்து குட்டி மணிகள் உதிரும், கீழே கிடப்பதை எடுத்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். என் மகள் எடுத்தது இன்னும் அவள் பள்ளிப் பையில் தொங்குகிறது.

அனு:
சாப்பாட்டுக்கு இஞ்சி மிசோ ஓதென், அதாவது சாற்றில் வேகவைத்த துண்டுகள் மேல் இஞ்சி கலந்த மிசோ (புளித்த சோயா விழுது). இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஹொக்கைடோ கப்பலுக்காகக் குளிரில் காத்திருந்தவர்களுக்குச் சூடேறட்டும் என்று ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளில் மிசோவில் இஞ்சியைத் துருவிப் போட்டார்களாம். ஒரு கடி கடித்தால் தொண்டை வரை இறங்கும். மிசோ, கறித்தூள், பால் சேர்த்து மேலே வெண்ணெய் வைத்துத் தரும் ராமென் என்கிற நூடுல்ஸ் சூப்பும் உண்டு. ஆனால் ராமென்னில் இறைச்சிச் சாறு, ஓதெனில் மீன் சாறு, அதனால் மனைவிக்கு இரண்டும் ஆகாது. அவரை ஹிரோசாக்கிக்குக் கூட்டிப்போங்கள், ரயிலில் முக்கால் மணி நேரம், ஆப்பிள் பை விற்கும் கடைகள் ஏராளம். கையோடு புளிக்காய்ச்சலும் எடுத்துப்போங்கள்.

மேளப்பித்தன்:
ஒன்று விட்டுவிட்டேன். 7ஆம் தேதி ஊர்வலம் பகலில். இரவில் சில நெபுதாக்களை, அதாவது அந்தக் காகித உருவங்களை, கடலில் மிதக்கவிட்டு வாணவேடிக்கை நடக்கும். அறையை இப்போதே பிடியுங்கள், அவோமோரியில் இல்லையென்றால் ஷின்கான்சென் வழியில் இருக்கும் ஹச்சினோஹே ஊரில் பாருங்கள்.

நிஷிகசாய்வாசி:
ஹச்சினோஹேயில் அறை கிடைத்துவிட்டது. மனைவி ஹானெதோ உடை பற்றித்தான் முதலில் கேட்டாள், புளிக்காய்ச்சல் அப்புறமாம்.