அக்காவுக்கு மட்டும் ஏன் நெட்டி விழுகிறது?

கேள்வி: கடைக்குட்டி

சிரிக்காமல் படியுங்கள். முப்பது வருட மனக்குறை இது.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஆச்சிக்கு இப்போது 82 வயது. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று எங்கே போய்விட்டு வந்தாலும் எங்களை வாசல்படியிலேயே நிறுத்திவிடுவாள். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு என்று முணுமுணுத்துக்கொண்டே கன்னம் இரண்டையும் உள்ளங்கையால் வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்து ஓர் அழுத்து. முதலில் அக்காவுக்கு. படபடவென்று எட்டு விரலும் நெட்டி விடும். "யாத்தே, எம்புட்டுக் கண்ணு!"

அடுத்து நான். அதே கை, அதே நெற்றிப்பொட்டு. சத்தமே வராது. மிஞ்சிப்போனால் சுண்டுவிரலில் ஒன்று, நமுத்துப்போன ஊசிப்பட்டாசு மாதிரி. "உனக்கு ஒண்ணும் இல்லட்டி, உள்ள போ."

ஏழாம் வகுப்பில் மாமா கல்யாணத்துக்கு மயில்கழுத்து நிறத்தில் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கும் ஒன்றுமில்லை. ஒரு மண்டபம் நிறைய ஆள் இருந்தும் என்னை ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை என்று அறிக்கை கொடுத்தது போல இருந்தது.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, எலும்போடு எலும்பு உரசுகிறதா? அடிக்கடி நெட்டி எடுத்தால் முடக்குவாதம் வரும் என்று அம்மா திட்டுவது நிஜமா? எல்லாவற்றுக்கும் மேலே, எனக்கு மட்டும் ஏன் விழவில்லை?

பதில்: திண்ணைவாசி

அக்கா அழகு. இதற்கு எதற்கு அறிவியல்?

சும்மா சொன்னேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கம் இதைச் சொடக்கு எடுப்பது என்போம். கட்டைவிரலையும் நடுவிரலையும் உரசி 'டக்' என்று போடுகிற சொடக்கு வேறு சங்கதி. அதில் நடுவிரல் வழுக்கிப் போய் உள்ளங்கையில் அறைகிற சத்தம்தான் கேட்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆட்கள் 2021-ல் அதை அதிவேகக் கேமராவில் எடுத்துப் பார்த்தார்கள். விரல் 7 மில்லி செகண்டில் வேலையை முடித்துவிடுகிறதாம், கண் இமைப்பதைவிட 20 மடங்கு வேகம். உங்கள் கேள்விக்கு இதில் பதில் இல்லை. தெரிந்ததைச் சொல்லிவிட்டேன்.

பதில்: பம்பு மெக்கானிக்

உடம்பைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாதுங்க. கோயமுத்தூரில் 26 வருசமாகப் பம்பு கழற்றி மாட்டுகிறேன். ஆனால் இந்தச் சத்தத்தின் பங்காளியை எனக்கு நன்றாகத் தெரியும்.

கிணற்றுப் பம்பில், உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வின் சல்லடையை இலை தழை அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். தண்ணீர் வரத்து குறையும், தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் வாயில் அழுத்தம் இறங்கும். அழுத்தம் ரொம்ப இறங்கினால் தண்ணீர் சுடாமலே ஆவியாகிக் குமிழி கட்டும். அந்தக் குமிழி அழுத்தம் கூடின இடத்துக்குப் போனதும் நசுங்கிச் செத்துப்போகும். வெளியே நின்று கேட்டால் கூட்டுக்குள் ஒரு சட்டி ஜல்லியை அள்ளிப்போட்டது போல இருக்கும். தோட்டத்துக்காரர் பேரிங் போய்விட்டது என்று கூப்பிடுவார். கழற்றிப் பார்த்தால் பேரிங் அப்படியே இருக்கும், இம்பெல்லர்தான் அம்மை போட்ட முகம் மாதிரி குழிகுழியாக அரித்துக் கிடக்கும். இதற்குக் கேவிட்டேஷன் என்று பெயருங்க.

என் மகள் பிசியோதெரபி படிக்கிறாள். விரல் மூட்டுக்குள்ளும் முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒரு வழவழப்பான திரவம் இருக்கிறது, நெட்டி எடுக்கும்போது மூட்டு விரிந்து உள்ளே அழுத்தம் இறங்கி, அதில் கரைந்திருக்கும் வாயு குமிழியாகிறது என்று அவள் சொன்னபோது, "இது நம்ம புட்வால்வு கதையல்லோ!" என்றேன். எலும்பு உரசவெல்லாம் இல்லைங்க.

கடைக்குட்டி:

அண்ணே, புரிந்தது. ஆனால் இம்பெல்லர் அரிக்கும் என்றால் ஆச்சி விரலும் இத்தனை வருடத்தில் அரித்திருக்க வேண்டுமே? அவள் இன்னும் சளைக்காமல் முறுக்கு சுற்றுகிறாள்.

பதில்: சைடுவகிடு

குறுக்கே ஒரு கேள்வி. நான் முடிவெட்டப் போகிற கடையில், கடைசியில் தலையை இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கம் ஒரு திருப்பு, வலப்பக்கம் ஒரு திருப்பு. 'கடக்' என்று கேட்கும். சொர்க்கம். இதுவும் அதே குமிழிதானா? போன மாதம் திருப்பியபோது மட்டும் இரண்டு நாள் கழுத்தை அசைக்க முடியவில்லை.

பதில்: பிசியோ அக்கா

முதலில் சைடுவகிடு தம்பி. சத்தம் அதே வகைதான். ஆனால் கழுத்து விரல் இல்லை. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புத் துளைகளுக்குள்ளேயே ஏறிப் போகின்றன. எதிர்பாராத வேகத்தில் தலையைத் திருப்பினால் அவற்றின் உள்சுவர் கிழியலாம், அங்கே ரத்தம் உறைந்து பக்கவாதம் வரை போகலாம். அரிதாகத்தான் நடக்கும், நடந்தால் சின்ன விஷயமாக இருக்காது. அடுத்த தடவை "தலையில் கை வைக்காதீங்க அண்ணே, முடி மட்டும் போதும்" என்று சொல்லிவிடு. திருப்பின பிறகு தலைசுற்றல், பார்வை இரட்டையாகத் தெரிவது, பேச்சு குழறுவது என்று எது வந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

இனி நெட்டி. பம்பு அண்ணன் சொன்னது சரி, ஒரு சின்னச் சண்டை மட்டும் பாக்கி இருக்கிறது. குமிழி பிறக்கும்போது சத்தம் வருகிறதா, சாகும்போதா? 1947-ல் லண்டனில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த இருவர் பிறக்கும்போது என்றார்கள். 1971-ல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் நசுங்கும்போது என்றார்கள். அப்புறம் 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஒருவர் விரலை எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து இழுத்துப் படம் எடுத்தார்கள். சத்தம் வந்த பிறகும் குமிழி அங்கேயே குந்தியிருந்தது. ஆக, பிறக்கும்போது. முடிந்தது என்று நினைத்தால் 2018-ல் இன்னும் இருவர் கணக்குப் போட்டு, குமிழி பாதி நசுங்கினாலே அந்தச் சத்தம் வந்துவிடும், மீதிக் குமிழியைத்தான் எம்ஆர்ஐயில் பார்த்தீர்கள் என்றார்கள். ஒரு விரல் சத்தத்துக்கு எழுபது வருட வழக்கு. நம் ஊர் வாய்க்கால் வரப்புத் தகராறுகூட இதற்கு முன்னால் முடிந்திருக்கும்.

வாதம் வருமா? கலிபோர்னியாவில் டொனால்ட் அங்கர் என்று ஒரு டாக்டர். அவருக்கும் இதே திட்டுதான்: அம்மா, சித்திமார், பிறகு மாமியார். மனுஷன் பதில் பேசவில்லை. இடது கையில் தினம் குறைந்தது இரண்டு தடவை நெட்டி எடுத்தார், வலது கையை விட்டுவிட்டார். 50 வருடம். குறைந்தது 36,500 நெட்டி. 1998-ல் எழுதினார்: இரண்டு கையிலும் வாதம் இல்லை, இரண்டுக்கும் வித்தியாசமும் இல்லை. 2009-ல் இக் நோபல் என்ற, சிரிக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்கான வேடிக்கைப் பரிசைக் கொடுத்துச் சிரித்தார்கள். எனக்கு அவரைப் பிடிக்கும். மாமியாரிடம் தோற்கக்கூடாது என்பதற்காக ஐம்பது வருடம் ஆராய்ச்சி செய்த ஆள் வேறு யார்? ஒற்றை ஆள் சோதனைதான், அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் 2011-ல் 215 பேர் கை எக்ஸ்ரேக்களை ஒப்பிட்டபோதும் நெட்டி எடுப்பவர்களிடம் மூட்டுத் தேய்மானம் கூடுதலாக இல்லை. 1990-ல் வந்த ஓர் ஆய்வு மட்டும் கை வீக்கம், பிடி பலம் குறைவு என்றது. வலியோ வீக்கமோ இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால் அம்மா திட்டட்டும்.

கடைக்குட்டி, இப்போது உன் வழக்குக்கு வருகிறேன். ஒரு தடவை நெட்டி விட்ட மூட்டில் வாயு திரும்பவும் திரவத்தில் கரைய ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். அதுவரை எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் வராது. முதலில் அக்காவுக்கு என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆச்சி விரலில் இருந்த வெடியை எல்லாம் அக்கா கன்னத்துக்கே தீர்த்துவிட்டு, காலி விரலோடுதான் உன்னிடம் வருகிறாள். முப்பது வருடமாக நீ இரண்டாவது வரிசையில் நின்றிருக்கிறாய். உன் பட்டுப்பாவாடையில் ஒரு குறையும் இல்லை!

கடைக்குட்டி:

அக்கா, இதைப் பேருந்தில் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து சீட் அம்மா ஒரு மாதிரி பார்த்தார்கள். அதுவும் ஒரு கண்ணுதான், கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அக்காவும் வந்திருந்தாள். சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டு வந்ததும் வாசலில் நான் அவளை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்றேன். ஆச்சி வழித்தாள், அழுத்தினாள். ஏழு நெட்டி! எண்ணினேன். ஆச்சிக்கே ஆச்சரியம். "இன்னைக்கு என்னட்டி இப்பிடி விழுது?"

அடுத்து அக்கா. ஒன்று. அதுவும் மோதிர விரலில், கேட்டும் கேட்காமலும். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. புதுச் சேலை வேறு.

சரி, பாவம் என்று அறிவியலுக்காகவே அவளைக் காத்திருக்கச் சொன்னேன். கைப்பேசியில் 25 நிமிடம் வைத்தேன். காப்பி குடித்தோம். நடுவில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா தயிருக்கு உறை கேட்டு வந்து ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். மணி அடித்ததும் ஆச்சியைக் கூப்பிட்டு அக்காவுக்கு இன்னொரு தடவை என்றேன். படபடவென்று ஆறு.

நான் வெற்றிக்களிப்பில் குமிழி, வாயு, கனடா, 20 நிமிடம் எல்லாவற்றையும் ஆச்சிக்கு விளக்கினேன். இம்பெல்லரைக்கூட விடவில்லை. முழுதும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"அதெல்லாம் சரிதான். உறை வாங்க வந்தவ இவ சேலையை மேலயும் கீழயும் பாத்துட்டுப் போனால்லா, அதை ஏன் கணக்குல சேக்கல?"