கொலம்பியா வில்சன் இல்லம்: போதகர் குடும்பத்தின் வீடா, மீள்கட்டமைப்புக் காலத்தின் அருங்காட்சியகமா?

(புனைபெயர்களில் மூவர் நடத்திய உரையாடல்)

ஏட்டுச்சுவடி:

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத் தலைநகரான கொலம்பியாவில், ஹாம்ப்டன் தெருவில், பின்னாளில் குடியரசுத் தலைவரான உட்ரோ வில்சனின் பெற்றோர் கட்டிய வீடு இருக்கிறது. 1928-இல் இடிபடவிருந்த அதை ஊரார் மீட்டு நினைவில்லமாக்கினார்கள். 2005-இல் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்ட வீடு 2014-இல் மீண்டும் திறந்தபோது, மீள்கட்டமைப்புக் காலத்தின் அருங்காட்சியகமாக, அதாவது உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பின மக்கள் அரசியல் உரிமை பெற்றதையும் அது பறிபோனதையும் சொல்லும் இடமாக மாறியிருந்தது. அந்த வரலாறு சொல்லப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்கு இடம்விட்டு, இந்த வீட்டுக்கே உரிய கதை ஓரத்தில் ஒதுங்கிவிட்டது என்பதே என் குறை.

தந்தை ஜோசப் ரகிள்ஸ் வில்சன், பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவின் போதகர். 1870-இல் கொலம்பியா இறையியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தவர். சபை கொடுத்த ஆயர் இல்லங்களில் காலம் கழித்த குடும்பம் 1871-72-இல் முதன்முறையாகத் தனக்கென்று ஒரு வீடு கட்டியது. தாயார் ஜெஸ்ஸி தோட்டத்தில் மக்னோலியா மரங்களை நட்டார். ஓரிரு ஆண்டில் கிளம்புகிறவர்கள் மக்னோலியா மரம் நட மாட்டார்கள். ஆனால் 1874-இலேயே அவர்கள் கிளம்ப நேர்ந்தது. கல்லூரிச் சிற்றாலயத்தில் நடக்கும் ஞாயிறு ஆராதனைக்கு மாணவர்கள் கட்டாயம் வர வேண்டும் என்று ஆசிரியர்கள் விதிக்க, நகரத்து ஆலயங்களுக்குச் செல்வது தங்கள் உரிமை என்று மாணவர்கள் மறுக்க, வழக்கு சபையின் உச்ச மன்றமான பொதுப் பேரவை வரை சென்று ஆசிரியர் தரப்புக்குப் பாதகமாக முடிந்தது. ஜோசப் பதவி விலகி, வட கரோலினாவின் வில்மிங்டனில் உள்ள சபைக்குப் போதகராகப் போய்விட்டார். பிஷப் என்று ஒருவர் இல்லாமல், போதகரும், சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பரும் சமமாக அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் ஓர் ஆட்சிமுறை எப்படி இயங்கியது என்பதைக் காட்ட இதைவிடப் பொருத்தமான வீடு எனக்குத் தெரிந்து இல்லை.

கரோலினா வாசி:

ஐயா, அந்த வீட்டை நான் இருமுறை சுற்றிப் பார்த்திருக்கிறேன். தளவாடங்களைவிட விளக்கப் பலகைகளே மிகுதி என்பது உண்மை. 1856-இல் வர்ஜீனியாவின் ஸ்டான்டனில் வில்சன் பிறந்த கட்டில்கூட அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதன் முன் நிற்பவர்கள் இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிடுகிறார்கள், பலகைகளின் முன் நின்றவர்கள் நகர்வதில்லை. இது என் கண்ணில் பட்டது மட்டுமே, வாதமாகச் சொல்லவில்லை.

என் வாதம் வேறு. சபையின் கதை வேறு, மீள்கட்டமைப்பின் கதை வேறு என்று நீங்கள் பிரிக்கிறீர்கள். கொலம்பியாவுக்கு வருமுன் ஜோசப் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் போதகர். 1861 ஜனவரி 6 அன்று அவர் அங்கே நிகழ்த்திய பிரசங்கம், எஜமானருக்கும் அடிமைக்கும் உள்ள உறவை வேதாகமத்தைக் கொண்டு நியாயப்படுத்தியது. அது அச்சிலும் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று தென் மாநிலங்களின் பிரஸ்பிட்டேரியன் சபை தனிச் சபையாக உருவானது அவருடைய ஆலயத்தில்தான். 1865 முதல் 1898 வரை அச்சபையின் பேரவைச் செயலராக இருந்தவரும் அவரே. அடிமைமுறையைப் பேசாமல் இந்த வீட்டின் சபை வரலாற்றை எந்த இடத்தில் தொடங்குவீர்கள்?

மூப்பர் மகன்:

சிறு திருத்தம் சொல்ல அனுமதியுங்கள். 1861-இல் சபை பிரிந்ததற்கு நேரடிக் காரணம் அடிமைமுறை பற்றிய தீர்மானம் அன்று. அந்த மே மாதம் பிலடெல்பியாவில் கூடிய பொதுப் பேரவை, ஒன்றிய அரசுக்கு விசுவாசமாயிருப்பது சபையின் கடமை என்று கார்டினர் ஸ்பிரிங் கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்றது. அரசியல் விசுவாசத்தைச் சபை கட்டளையிடக் கூடாது என்பதே தென்னகத்தார் சொன்ன மறுப்பு. வடக்கிலேயே சார்லஸ் ஹாட்ஜ் போன்றவர்கள் அத்தீர்மானத்தை எதிர்த்தார்கள். என் தந்தை சபை மூப்பராக இருந்தவர். 'ஆலயத்துக்குள் கட்சி வேண்டாம்' என்று அவர் சொல்லக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த மறுப்பை வெறும் சாக்கு என்று தள்ள மனம் வரவில்லை.

கரோலினா வாசி:

திருத்தத்தை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. புதிய சபை உலகத்துச் சபைகளுக்கெல்லாம் விடுத்த அறிக்கையை எழுதியவர், கொலம்பியா இறையியல் கல்லூரியின் ஜேம்ஸ் ஹென்லி தார்ன்வெல். அதில் அடிமைமுறைக்கான விரிவான தற்காப்பு இருக்கிறது. அரசியல் வேண்டாம் என்ற கொள்கை உண்மையானது என்றால், ஜனவரியில் அகஸ்டாவின் பிரசங்க பீடத்தில் ஒலித்ததற்கு என்ன பெயர் வைப்பது? உங்கள் தந்தை கட்சி வேண்டாம் என்றது இரு தரப்பையும் பார்த்துச் சொன்னதாக இருக்கும். இவர்கள் ஒரு தரப்பைப் பார்த்து மட்டும் சொன்னார்கள்.

இன்னொன்று. 1873-இன் இலையுதிர் காலத்தில் பதினாறு வயது டாமி, உட்ரோ வில்சனை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள், இந்த வீட்டிலிருந்து பிரஸ்பிட்டேரியன் கல்லூரியான டேவிட்சனுக்குப் படிக்கப் போனான். அதே அக்டோபரில், இங்கே கொலம்பியாவின் பல்கலைக்கழகத்தில், மாநிலச் செயலராக இருந்த ஹென்றி ஹெய்ன் முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்தார். பேராசிரியர்களில் சிலர் உடனே விலகினார்கள். மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையில் அப்போது கறுப்பின உறுப்பினர்களே பெரும்பான்மை. 1913-இல் அந்த டாமியின் நிர்வாகம் கூட்டரசு அலுவலகங்களில் நிறப்பாகுபாட்டைப் புகுத்தியது. இந்தத் தெருவில் நின்று இதைச் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

ஏட்டுச்சுவடி:

அகஸ்டா பிரசங்கத்தை நான் விட்டுவிட்டது தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன். அது இந்த வீட்டின் கதைக்குள் வர வேண்டும். ஆனால் என் அச்சத்தையும் கொஞ்சம் கேளுங்கள். இறையியல் கல்லூரி 1927-இல் ஜார்ஜியாவின் டெகேட்டருக்குப் போய்விட்டது. 1873 ஜூலையில் டாமி விசுவாச அறிக்கை செய்து சபை உறுப்பினனான அந்தச் சிற்றாலயம், ஒரு காலத்தில் குதிரை லாயமாக இருந்த கட்டடம், அதையும் 1936-இல் பெயர்த்து ராக் ஹில்லுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வில்சன் குடும்பத்தின் சுவடாகக் கொலம்பியாவில் முக்கியமாக மிஞ்சியிருப்பது இந்த வீடும், முதல் பிரஸ்பிட்டேரியன் ஆலயத்து முற்றத்தில் ஜோசப், ஜெஸ்ஸி இருவரின் கல்லறைகளும்தான். ஜெஸ்ஸியின் தம்பி ஜேம்ஸ் உட்ரோ அதே கல்லூரியின் பேராசிரியர். 1884-இல் பரிணாமக் கொள்கைக்கு இடங்கொடுத்துப் பேசியதற்காகப் பதவி இழந்தவர். ஒரே குடும்பத்தில் இரண்டு சபை வழக்குகள்! மீள்கட்டமைப்பைச் சொல்ல அந்த ஊரில் சட்டமன்றக் கட்டடம் இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்தக் குடும்பத்தின் வழக்குகளைச் சொல்ல இந்த வீட்டைவிடப் பொருத்தமான சுவர் இல்லை. ஓர் அறையைக் கேட்கிறேன், வீடு முழுவதையும் அல்ல.

மூப்பர் மகன்:

ஓர் அறை என்றால் என் வாக்கு ஏட்டுச்சுவடி ஐயாவுக்கு. அகஸ்டா பிரசங்கமும் சிற்றாலய வழக்கும் எதிரெதிர்ச் சுவர்களில் இருக்கட்டும். மாணவரின் மனச்சாட்சி உரிமைக்காக அவ்வளவு நுணுக்கமாக வழக்காடிய ஒரு சபை, வேறு யாருடைய உரிமையைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பதைப் பார்வையாளர் தாமே காண்பார்.

கரோலினா வாசி:

அந்த அறைக்கு நானும் உடன்படுகிறேன், ஒரு நிபந்தனையோடு. முதல் பிரஸ்பிட்டேரியன் சபையின் கறுப்பின உறுப்பினர்களுக்காக 1838-இல் தொடங்கி, பின்னர் லாட்சன் சபை என்று பெயர் பெற்ற ஆலயம் கொலம்பியாவில் சம்டர் தெருவில் இருக்கிறது. அவர்களும் பிரஸ்பிட்டேரியன்களே, அவர்களுக்கும் மூப்பர்கள் உண்டு. உங்கள் அறையின் கதவைத் திறந்ததும் முதலில் தெரிகிற பலகை அவர்களுடையதாக இருக்க வேண்டும்.