கண்மாய் தூர்வாரியதன் பலனை எப்படிக் கணக்கிடுவது?

வரத்துக்கால்:
வணக்கம். சிவகங்கைப் பக்கம் ஒரு நிறுவனத்தின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதியில் ஒரு கண்மாயைத் தூர்வாரி முடித்திருக்கிறோம். அடுத்த கண்மாயில் மார்ச்சில் வேலை தொடங்கும். எத்தனை லிட்டர் கூடியது, எத்தனை பேருக்குப் பயன் என்று நிறுவனம் கேட்கிறது. ஒப்பந்தக்காரர் கணக்கு 3 யூனிட் டிப்பரில் 4,000 நடை. அதை வைத்து 3.4 கோடி லிட்டர் என்று எழுதலாமா? வெளியார் மதிப்பீடு கட்டாயமா?

மடைமட்டம்:
எழுதாதீர்கள். ஒரு யூனிட் 100 கன அடி; 12,000 யூனிட் என்றால் சுமார் 34,000 கனமீட்டர், சரி. ஆனால் அது வண்டியில் கிடந்த உதிரி மண். வெட்டிய வண்டல் 20 முதல் 30 சதவீதம் உப்பிப் பெருகும். 25 என்று வைத்தால் கண்மாயில் விழுந்த பள்ளம் 27,000 கனமீட்டர்தான், அதாவது 2.7 கோடி லிட்டர். அதுவும் எல்லா நடையும் நிறைவண்டியாகப் போயிருந்தால்.

அடுத்த கண்மாயில் வேலைக்கு முன்னும் பின்னும் 20 மீட்டர் கட்டம் பிரித்து டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியில் மட்டம் எடுங்கள். மடைக் கல்லில் பெயிண்டால் ஒரு குறி போட்டு, இரண்டு முறையும் அதிலிருந்தே அளக்க வேண்டும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீர் வயலுக்குப் பாயாது; ஊற்றுக்கும் ஆடுமாட்டுக்கும்தான். அதைப் பாசனக் கணக்கில் சேர்க்காமல் தனியாகக் காட்டுங்கள்.

சட்டவிதி:
முந்தைய 3 நிதியாண்டுகளில் சராசரி சிஎஸ்ஆர் கடமை 10 கோடி ரூபாய்க்குக் குறையாத நிறுவனம், 1 கோடிக்குக் குறையாத திட்டங்களை, முடிந்து ஓராண்டாவது ஆனபின், சுயேச்சையான அமைப்பைக் கொண்டு மதிப்பிட வேண்டும். இது 2021 விதி. அந்தச் செலவில் சிஎஸ்ஆர் கணக்கில் காட்டக்கூடியது, 2022 திருத்தத்தின்படி, மொத்த சிஎஸ்ஆர் செலவில் 2 சதவீதம் அல்லது 50 லட்சம், எது அதிகமோ அது.

வரத்துக்கால்:
நன்றி. முடிந்த கண்மாய்க்கு முன்அளவு எதுவும் இல்லையே?

கடைமடை:
சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், 10 மீட்டர் துல்லியம், 2015 முதல் கிடைக்கும். மழை ஓய்ந்து மேகம் விலகிய ஜனவரிப் படங்களில் நீர்ப்பரப்பை அளந்து ஆண்டுவாரியாக ஒப்பிடுங்கள். ஒரு ஆபத்து: முன்பு சீமைக்கருவேல மரங்களின் கீழ் நின்ற நீர் படத்தில் தெரிந்திருக்காது. மரத்தை வெட்டியதுமே பரப்பு கூடியதுபோல் தெரியும். முன்பும் மரம் இல்லாதிருந்த பகுதியை மட்டும் எடுத்து ஒப்பிடுவதே நேர்மை.

மழை நன்றாகப் பெய்த ஆண்டின் பலனை உங்கள் பலனாக எழுதிவிடவும் கூடாது. தூர்வாராத பக்கத்துக் கண்மாய் ஒன்றையும் சேர்த்து அளங்கள். அடுத்த வேலைக்கு, இரண்டு கண்மாயின் ஆயக்கட்டிலும் (பாசன நிலத்திலும்) பத்துப் பத்துக் கிணற்றில் நீர்மட்டம் பாருங்கள், ஜனவரியிலும் மே மாதத்திலும், மோட்டார் போடுவதற்கு முன் காலையில். உங்கள் பக்கம் 2.5 மீட்டர் ஏறி, அங்கே 1.8 ஏறினால் உங்கள் பங்கு 0.7 மீட்டர்தான்.

பயனாளி என்று ஊர் மக்கள்தொகையைப் போடாதீர்கள். தலைமடை, கடைமடை வயல்களைப் பிரித்து, எந்த வயலுக்கு எத்தனை முறை தண்ணீர் கூடுதலாகப் பாய்ந்தது என்று கேளுங்கள். வண்டல் யார் வயலுக்குப் போனது என்பதையும் எழுதுங்கள். டிராக்டர் வாடகை கொடுக்க முடியாத குத்தகைக்காரருக்குப் பெரும்பாலும் ஒரு நடைகூடக் கிடைப்பதில்லை.