எங்கட வீடு குழு: அப்பாவுக்கு வீட்டிலை சுட்ட ஜமெய்க்கன் பற்றீ

வியாழன்

நான், 1:10 பி.ப: எல்லாருக்கும் ஒரு விசயம். சனிக்கிழமை அப்பாவுக்கு 75. கேக் அக்கா கொண்டு வாறா. நான் ஜமெய்க்கன் பற்றீ சுடப்போறன். கடையிலை வாங்கேல்லை, மா குழைக்கிறதிலை இருந்து எல்லாம் வீட்டிலைதான்.

அக்கா: பற்றீஸோ? அப்ப கருவேப்பிலையும் ரம்பையும் கொண்டு வாறன். கிழங்கு எத்தினை அவிக்க?

நான்: பற்றீஸ் இல்லை அக்கா, பற்றீ. எங்கட பற்றீஸ் கிழங்கும் ரின்மீனும் வைச்சு எண்ணெயிலை பொரிக்கிறது. இது அவன் (oven) அடுப்பிலை வேகிறது. மஞ்சள் தோல், உள்ளுக்கு அரைச்ச மாட்டிறைச்சி. ரொறன்ரோ வோர்டன் சப்வே ஸ்ரேசனிலை விக்கிறது.

தம்பி: வோர்டன் பற்றீ!!

தம்பி: சின்னக்கா, நான் வேலையாலை வரேக்கை ஸ்ரேசனிலை ஒரு டசின் எடுத்துக்கொண்டு வாறனே. ஏன் கஷ்டப்படுறீங்கள்?

நான்: இடுப்பு ஒப்பரேசனுக்குப் பிறகு அப்பா நாலு மாசமா அந்தப் பக்கம் போகேல்லை. போன கிழமை நான் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்து குடுத்தனான். வீட்டை வந்து சேர முதலே பைக்குள்ளை ஆவி பிடிச்சு தோல் நனைஞ்சு போச்சு. பாதி சாப்பிட்டிட்டு "பரவாயில்லை பிள்ளை" எண்டு கோப்பையைத் தள்ளி வைச்சார். அவர் பரவாயில்லை எண்டு சொன்னா என்ன அர்த்தம் எண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவன் அடுப்பாலை இறக்கின கையோடை அவருக்குக் குடுக்கோணும். அதுக்குத்தான் வீட்டிலை செய்யிறன்.

தம்பி: சரி. நான் என்ன வாங்கோணும், சொல்லுங்கோ.

அப்பா: [குரல் பதிவு, 1:48]

லண்டன் மாமி: அண்ணை என்ன சொல்லுறார்? நான் பஸ்ஸிலை நிக்கிறன், ஒண்டும் கேக்குதில்லை.

அக்காவின் மகள்: மாமி, அம்மப்பா சொன்னதை அப்பிடியே எழுதிறன். "நான் 1988 மார்கழி வந்து இறங்கினனான். தை மாசம் ஃபக்ரறியிலை இரவு வேலை. பக்கத்து மெசினிலை ஒரு ஜமெய்க்கன் மனிசன். எக்லின்ரன் வெஸ்ற் பக்கம் இருந்து வாறவர். நான் மத்தியானத்துச் சோறு ஆறிப்போய்ச் சாப்பிடுறதைப் பாத்திட்டு, ஒருநாள் கடுதாசிப் பையிலை ஒண்டு கொண்டு வந்து தந்தார். கடிச்ச உடனை நாக்குச் சுட்டுப்போச்சு. ஆனா அந்த உறைப்பு! இந்த நாட்டிலை உங்கட அம்மா சமைக்காமல் எனக்கு உறைச்ச முதல் சாப்பாடு அதுதான். கண்ணாலை தண்ணி வந்துது. குளிருக்கு வருது எண்டு அவருக்குச் சொன்னனான்."

லண்டன் மாமி: அண்ணை இதை எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை.

அம்மா: எனக்கும் சொல்லேல்லை.

அப்பா: [குரல் பதிவு, 0:52]

அக்காவின் மகள்: "அந்த மனிசன்தான் 1985 சண்டையையும் எனக்குச் சொன்னவர். மத்திய அரசாங்கத்தின்ரை உணவுப் பரிசோதகர்மார் ரொறன்ரோவிலை பேக்கரி பேக்கரியாப் போய், இதை பீஃப் பற்றீ எண்டு விக்கக்கூடாது எண்டு சொல்லிப்போட்டினமாம்." சட்டத்திலை பீஃப் பற்றீ எண்டா பணிசுக்குள்ளை வைக்கிற தட்டை இறைச்சி மட்டும்தானாம். மா சுத்தி இருந்தா அந்தப் பேர் போடேலாதாம்.

தம்பி: ஓம், அதை நான் பள்ளிக்கூடத்திலை படிச்சனான். கடைக்காரர் விட்டுக்குடுக்கேல்லை. கடைசியிலை "ஜமெய்க்கன் பற்றீ" எண்டு போடலாம் எண்டு முடிஞ்சுது. அதாலைதான் ரொறன்ரோவிலை பெப்ரவரி 23ஐ பற்றீ நாள் எண்டு கொண்டாடுறது.

நான்: அக்கா, அதுதான் நானும் சொல்லுறன். பேரையே சண்டை பிடிச்சு வைச்சிருந்த சனத்தின்ரை சாப்பாடு. கருவேப்பிலையும் ரம்பையும் போட்டு அதை எங்கட பற்றீஸ் ஆக்க வேண்டாம். அவை செய்யிற மாதிரியே செய்வம்.

அக்கா: சரி சரி. ஆனா கறித்தூள் போடுறது எண்டு கேள்விப்பட்டனான். அதுக்காவது என்ரை யாழ்ப்பாணத்துத் தூள் கொண்டு வாறன்.

நான்: வேண்டாம் அக்கா. எங்கட வறுத்த தூள் போட்டா நிறம் கறுத்துப்போகும், அதின்ரை வாசம் மற்ற எல்லாத்தையும் மூடிப்போடும். ஜமெய்க்கன் கறித்தூள் வறுக்காதது. மஞ்சள்தான் கூட, பிறகு மல்லி, சீரகம், வெந்தயம். அந்தத் தோலின்ரை மஞ்சள் நிறமும் அதாலை வாறதுதான்.

லண்டன் மாமி: அங்கை எப்பிடிக் கறித்தூள் போனது?

நான்: 1838இலை அடிமை முறை முழுசா முடிஞ்ச பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் காணாமல், இந்தியாவிலை இருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு போனவை. முதல் கப்பல் புளன்டெல், 1845 மே 10ஆம் திகதி ஓல்ட் ஹாபர் பே எண்ட இடத்திலை இறங்கினது. பிறகு வந்தவையோடை சேத்து 36,000க்கு மேலை. கூடுதலா வட இந்தியாக்காரர், மெட்ராஸ் பக்கத்தாலும் ஆக்கள் போனவை. அவையின்ரை மஞ்சளும் மல்லியும் தான் அது.

லண்டன் மாமி: இஞ்சை கோர்னிஷ் பாஸ்ரி எண்டு மூலைக்கு மூலை விக்கிறாங்கள். மடிச்ச மா, உள்ளுக்கு இறைச்சியும் கிழங்கும். உறைப்பே இல்லை. அதுக்குச் சொந்தமோ?

நான்: ஓம் மாமி, வேர் அதுதான் எண்டுதான் சொல்லுறது. 1655இலை இங்கிலாந்துக்காரர் ஸ்பெயினிட்டை இருந்து ஜமெய்க்காவைப் பிடிச்சவை. மாவை மடிக்கிற பழக்கம் அவையோடை வந்தது. அதை உறைப்பாக்கினது ஆபிரிக்காவிலை இருந்து பிடிச்சுக்கொண்டு வந்த சனத்தின்ரை கை. ஓல்ஸ்பைஸ் அந்த மண்ணிலையே நிக்கிற மரத்தின்ரை காய். அவை அதை பிமென்ரோ எண்டுதான் சொல்லுவினம்.

தம்பி: சாமான் சொல்லுங்கோ சின்னக்கா, நான் இப்ப கடைக்குள்ளை.

நான்: அரைச்ச மாட்டிறைச்சி ஒரு றாத்தல், கொழுப்புக் கொஞ்சம் உள்ளதா. பச்சைத் தைம் இலை ஒரு கட்டு, காஞ்சது வேண்டாம். வெங்காயத்தாள் ஒரு கட்டு. ஓல்ஸ்பைஸ். பாண் தூள். உப்பில்லாத பட்டர் ஒரு றாத்தல், அளவுக்கு மிஞ்சி இருக்கட்டும். ஸ்கொச் பொனெற் மிளகாய் மூண்டு.

தம்பி: ஸ்கொச் பொனெற்றுக்கும் ஹபனேரோவுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் பக்கத்திலை பக்கத்திலை கிடக்கு.

நான்: அடியிலை தொப்பி மாதிரி நெளிஞ்சு சப்பட்டையா இருக்கிறதுதான் ஸ்கொச் பொனெற். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார், பழ வாசம் வரும். ஊரிலை சிங்களச் சனம் நைமிரிஸ் எண்டு சொல்லுற மிளகாயும் அதே இனம்தான்.

அம்மா: பிள்ளை, இறைச்சியை எப்ப சமைக்கப்போறாய்?

நான்: நாளைக்கு இரவு அம்மா. முழுக்க ஆறிக் குளிர்ந்தால்தான் மாவுக்குள்ளை வைக்கலாம்.

அம்மா: நாளைக்கு வெள்ளி. இந்த வீட்டிலை வெள்ளிக்கிழமை இறைச்சி அடுப்பிலை ஏறினது இல்லை.

நான்: தெரியும் அம்மா, மறக்கேல்லை. இறைச்சி என்ரை அப்பாட்மென்றிலை சமைக்கிறன். மா மட்டும் உங்கட குசினியிலை. அதுக்கு உங்கட கை வேணும்.

வெள்ளி

நான், 6:25 பி.ப: [படம்]

நான்: மா தயார். இதைப் பாருங்கோ. 400 கிராம் கோதுமை மா, ஒரு தேக்கரண்டி மஞ்சள், ஒரு தேக்கரண்டி கறித்தூள், உப்பு. பட்டரும் வெள்ளைக் கொழுப்பும் (ஷோட்னிங்) பாதிக்குப் பாதி, ரெண்டும் சேந்து 225 கிராம். பழைய ஆக்கள் மாட்டுக் கொழுப்பு போடுறவையாம். அம்மாவுக்காக அதை விட்டிட்டன்.

அக்கா: மா ஒட்டேல்லைப் போலை கிடக்கு? கட்டி கட்டியாத் தெரியுது.

நான்: அந்தக் கட்டிதான் வேணும் அக்கா. கொழுப்பு மாவோடை கரைஞ்சு போகக்கூடாது. அவன் சூட்டிலை அந்தக் கட்டி உருகேக்கை, அதுக்குள்ளை இருக்கிற தண்ணி ஆவியாகி மாவைத் தாள் தாளாத் தூக்கும். எனக்கு இது விளங்காமல் பங்குனியிலை ஒருக்காச் செய்து பழுதாக்கினனான். மாவை ரொட்டிக்கு மாதிரி அடிச்சுக் குழைச்சன். போதாக்குறைக்கு இறைச்சியைச் சூட்டோடை உள்ளுக்கு வைச்சிட்டன். எல்லாம் வாய் பிளந்து, சாறு தட்டிலை எரிஞ்சு, புகைக்கு அலாம் அடிச்சுது.

நான்: இண்டைக்கு அம்மா செய்தது என்னெண்டா, குழாய்த் தண்ணியிலை கையைக் குளிரப்பண்ணித் துடைச்சிட்டு, நுனி விரலாலை மட்டும் மாவை உதிர்த்து உதிர்த்து விட்டா. பிட்டுக்கு மா உதிர்க்கிற அதே கை. உள்ளங்கை படவே இல்லை. பிட்டு மணி பதம் வந்த உடனை நிப்பாட்டிட்டா. பிறகு ஐஸ் தண்ணி கரண்டி கரண்டியா விட்டு, கொஞ்சம் வினாகிரியும் விட்டு, கையாலை அமத்திக் கூட்டிச் சேர்த்தது மட்டும்தான்.

அம்மா: பிட்டு எண்டு முதலே சொல்லியிருந்தா எனக்குப் பயமே இருந்திராது.

லண்டன் மாமி: மச்சாளின்ரை பிட்டு நினைவு வந்திட்டுது. எனக்கு மாடு வேண்டாம் பிள்ளை. நான் இஞ்சை என்னத்தை உள்ளுக்கு வைக்கிறது?

நான்: கோழித் தொடையை அரைச்சு அதே மசாலாவிலை செய்யலாம் மாமி. இல்லாட்டி மரக்கறி. ஜமெய்க்காவிலை தொடங்கின ரஸ்ரஃபாரி சமய ஆக்களுக்கு ஐற்றல் எண்டு ஒரு சாப்பாட்டு முறை இருக்கு, கூடுதலான ஆக்கள் இறைச்சி தொடமாட்டினம். அவையின்ரை முறையிலை கோவா, கரட், பருப்பு. அம்மாவுக்கும் அதிலைதான் நாலு செய்யிறன்.

நான், 9:50 பி.ப: [படம்]

நான்: இறைச்சி முடிஞ்சுது. வெங்காயம், உள்ளி, வெங்காயத்தாள், தைம் வதக்கி, இறைச்சி போட்டு நீர் வத்தினாப்போலை ஒண்டரைத் தேக்கரண்டி கறித்தூள், அரைத் தேக்கரண்டி ஓல்ஸ்பைஸ். பிறகு ஒரு கப் தண்ணி விட்டு, அரைக் கப் பாண் தூள் தூவிக் கிளறினது. பாண் தூள்தான் சாறை எல்லாம் குடிச்சு வைச்சிருக்கிறது. அது இல்லாட்டி உள்ளுக்கு வறண்ட இறைச்சிதான் இருக்கும்.

அக்கா: பிள்ளையள் சாப்பிடுவினமோ? மூண்டு மிளகாய் எண்டாய்.

நான்: எங்கட மாடியிலை இருக்கிற ஜமெய்க்கன் அன்ரி ஒரு வழி சொல்லித்தந்தவ. பிள்ளையளின்ரை பங்குக்கு மிளகாயை வெட்டாமல் முழுசாச் சட்டியிலை போட்டு, உடையாமல் எடுத்திடோணும். வாசம் இறங்கும், உறைப்பு இறங்காது. அப்பாவின்ரை பங்குக்கு ஒண்டு கொட்டை எடுத்துப் பொடியா வெட்டினது. கையுறை போட்டு வெட்டினனான்.

நான்: அவ வந்து ஒரு கரண்டி உருசி பாத்தா. கொஞ்ச நேரம் ஒண்டும் பேசேல்லை. பிறகு தைம் காணாது எண்டு சொல்லி, தன்ரை வீட்டாலை நாலு கொப்பு கொண்டு வந்து தானே உருவிப் போட்டா. இப்ப சட்டி ஃபிரிஜ்ஜுக்குள்ளை.

சனி

நான், 11:05 மு.ப: உருட்டத் தொடங்கிட்டம். ஆறு அங்குல வட்டம். சின்னக் கோப்பையைக் கவிட்டு வெட்டுறது. நடுவிலை ரெண்டு மேசைக்கரண்டி, அதுக்கு மேலை வேண்டாம். ஓரத்தைத் தண்ணி தொட்டு ஒட்டி, முள்ளுக்கரண்டியாலை அமத்து. மேலை ரெண்டு குத்து, ஆவி போக.

தம்பி: முதல் தட்டு நான் அடுக்கினது!

நான்: ஓம், ஒழுங்கா அடுக்கியிருக்கிறான். இருபது நிமிசம் ஃபிரிஜ்ஜிலை வைச்சிட்டுத்தான் அவன் அடுப்புக்குள்ளை வைக்கிறது. சூடு 375 ஃபரனைட், ஒரு 25, 30 நிமிசம்.

அக்கா, 12:20 பி.ப: வோக்கரோடை அப்பா குசினி வாசலிலை வந்து நிக்கிறார். கதிரை போட்டுக் குடுத்தும் இருக்கிறார் இல்லை.

அக்காவின் மகள்: [படம்] ஒண்டு மட்டும் வாய் திறந்திட்டுது, மற்றது எல்லாம் வடிவா வந்திருக்கு.

லண்டன் மாமி: என்ன மஞ்சள்! எங்கட கோயில் திருவிழா மாதிரி. அண்ணை சாப்பிட்டாரோ? சொல்லுங்கோ.

நான்: கடுதாசியிலை சுத்தித்தான் குடுத்தனான், கோப்பையிலை இல்லை. அவசரப்பட்டு நாக்கைச் சுட்டிட்டார்.

அக்கா: கண்ணைத் துடைக்கிறார்.

அப்பா: [குரல் பதிவு, 0:19]

அக்காவின் மகள்: "தங்கச்சி, தோல் உதிர்ந்து சேட்டெல்லாம் மஞ்சள். அப்பிடித்தான் இருக்கோணும். அந்த மனிசன் தந்ததும் இப்பிடித்தான் உதிர்ந்தது. உறைப்புச் சரி."

லண்டன் மாமி: எனக்கும் கண் கலங்குது அண்ணை. நாளைக்கே இஞ்சை கோழி வைச்சுச் செய்யிறன்.

நான்: மிச்சம் அஞ்சைச் சுடாமல் ஃபிறீசரிலை வைச்சிருக்கிறன் அம்மா. அப்பா கேக்கேக்கை உறைஞ்சபடியே அவனுக்குள்ளை வையுங்கோ, இளக விடாதேங்கோ, மா நனைஞ்சு போகும். பத்து நிமிசம் கூட விட்டாச் சரி. மைக்ரோவேவ் வேண்டாம். ஒண்டை மட்டும் இப்ப சுட்டு அன்ரிக்குக் கொண்டுபோறன்.

அம்மா: நாலுதான் பிள்ளை கிடக்கு. அப்பா இப்பவே இன்னொண்டு போடச் சொல்லிப்போட்டார்.